பதினேழு பெட்டி

ஹவல்லியில் நள்ளிரவு. வெயில் போயும்
சூடு போகாத நடைபாதையில்
கடை திறக்க அறுபது பேர் நின்றார்கள்.
'ரெட் ஹார்பர்', ஏழாம் பாகம்.
இருபத்திநாலு தினார், தொள்ளாயிரம் ஃபில்ஸ்.
அட்டையில் அதே ஆள், அதே முதுகு.
தாடி மட்டும் பாகத்துக்கு ஒரு விரல்கடை
வளர்ந்துகொண்டு வருகிறது.

பெட்டியைப் பிரிக்காமலே எனக்குத் தெரியும்.
முதலில் ஒரு கோபுரம் ஏறுவான்.
ஏறினால் மேப் விரியும்.
எங்கே கால் வைப்பது என்று யோசிக்க வேண்டாம்,
பிடிக்க வேண்டிய கல்லுக்கெல்லாம்
மஞ்சள் பூசியிருக்கும்.
ஐம்பது இறகு பொறுக்க வேண்டும்.
நாலாவது மணி நேரத்தில் நண்பன் துரோகியாவான்.
துரோகி சாகும்போது மழை பெய்யும்.
போன தடவை பாலைவனத்திலும் பெய்தது.

"புதுசா என்ன இருக்கு?" என்றான் மிஷாரி,
பதினைந்து வயது, வரிசையில் முதல் ஆள்.
"தண்ணி," என்றேன்.
பொய்யில்லை. தண்ணீர் இந்த முறை
பிரமாதமாக வந்திருக்கிறதாம்.
அலைக்கு அலை வேறு நுரை.
அதற்கே நானூறு பேர் மூன்று வருஷம் உழைத்தார்களாம்.
நானூறு உலையை வைத்து யார் சூதாடுவார்?
ஓடுகிற குதிரைக்குப் புது லாடம் அடிப்பார்கள்.
அவ்வளவுதான்.

இப்படிச் சொல்லிச் சிரிக்க
எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்று வருஷம் முன்பு
அபூ தலாலிடம் மல்லுக்கட்டி
ஒரு சின்ன விளையாட்டை இருபது பெட்டி தருவித்தேன்.
அக்காவும் தம்பியுமாக இரண்டே பேர் செய்தது.
ஒரு படகு. ஓர் ஆறு. அக்கரையில் ஒரு விளக்கு.
துப்பாக்கி கிடையாது. மஞ்சள் கிடையாது.
மூழ்கினால் மூழ்கியதுதான்,
விட்ட இடத்திலிருந்து தொடங்க விடாது.
நாலு விற்றது.
அதில் ஒன்று திரும்பி வந்தது, பழுதென்று.
மிச்சத்துக்கான காசை
ரமலான் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு
பெட்டிகளை என்னிடமே தந்தார் அபூ தலால்.
"ஜெபமணி, இனிமே நம்பர் போட்ட சரக்கா பாத்து எழுது."
கெட்ட மனிதர் இல்லை.
கடை வாடகை அப்படி.

அன்றிலிருந்து நம்பர் போட்ட சரக்குதான்.
ஏழாம் பாகம் முந்நூறு என்று எழுதியது
இந்தக் கைதான்.
எங்கோ ஒரு குளிர் நாட்டில், கண்ணாடி அறையில்,
என் முந்நூறையும் சேர்த்துக் கூட்டித்தான்
எட்டுக்குச் சரி என்றிருப்பார்கள்.

போன மாதம் இகாமாவையும்
ஏழாவது தடவை புதுப்பித்தாகிவிட்டது.
படத்தில் தலைமுடி மட்டும் வேறு.

மூன்றாம் நாள் மிஷாரி திரும்பி வந்தான்.
"முடிச்சிட்டேன். ஏற்கெனவே முடிச்ச மாதிரியே இருந்துச்சு."
பழையதாக எடுத்தால் பதினொரு தினார் தருவோம்.
வாங்கிக்கொண்டு போவான் என்று பார்த்தால்
கல்லாமேலேயே திருப்பி வைத்தான்.
"எட்டுக்கு என் பேரை எழுதிக்கோ."
எழுதிக்கொண்டே கேட்டேன், "ஏன்?"
தோளைக் குலுக்கினான்.
"எல்லாரும் அதுலதான இருப்பாங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம்
கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெட்டியை இழுக்கிறேன்.
ஆறு இன்றைக்கு வேறு பக்கம் சுழிக்கிறது.
தண்ணீர் அழகில்லை, நாலைந்து கோடு.
மேல்கட்டில் செய்யது பாவா,
ஷுவைக்கில் கிரேன் ஓட்டுகிறவர்,
மடியில் சோற்றுத் தட்டோடு எட்டிப் பார்க்கிறார்.
"அந்தக் கரையில என்ன இருக்கு?"
"தெரியாது பாய். போனதில்ல."
"மூணு வருஷமாவா?"
நான் பதில் சொல்லவில்லை, ஓட்டை வழியாகத்
தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.
தட்டை ஓரமாக வைக்கும் சத்தம்.
"இடது பக்கம் பாறை," என்கிறார்,
தலைகீழாகத் தொங்கியபடி,
"பாறைடா, பாறை."